பனியன் கம்பெனியில் போஷ் பயிற்சி: எது கட்டாயம், எது வியாபாரம்?

நீங்கள் எழுதியதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எச்ஆர் பார்க்கிறீர்கள். மொத்தம் 140 பேர், அதில் 110 பேர் பெண்கள், பாதிக்கு மேல் ஒடிசாக்காரர்கள். கோவையில் 8 பேரோடு தனியாக ஒரு மெர்ச்சண்டைசிங் ஆபீஸ். போஷ் பயிற்சி, அதாவது பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் பயிற்சி நடத்தித் தரும் ஒருவர் வந்து, "வருஷத்துக்கு ஒருமுறை எல்லாருக்கும் 2 மணி நேரம் பயிற்சி கட்டாயம், அரசு அங்கீகரித்த சான்றிதழ் வேணும், இல்லாட்டி 50,000 ரூபாய் அபராதம்" என்று சொல்லி 65,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். முதலாளியோ, "ஒரு வீடியோவை வாட்ஸ்அப் குரூப்புல போட்டுட்டு ரிஜிஸ்டர்ல கையெழுத்து வாங்கிக்கலாமே" என்கிறார். இரண்டு பேரில் யார் சொல்வது சரி என்பது நீங்கள் கேட்டது. சட்டம் குறைந்தபட்சம் எதை எதிர்பார்க்கிறது, எதற்கு மேல் கொடுத்தால் அது வீண் செலவு என்பதுதான் உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது என்று எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டு பேர் சொல்வதுமே தப்பு. அபராதத் தொகை மட்டும் சரி.

நான் வழக்கறிஞர். 11 வருடமாகக் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பல கம்பெனிகளின் உள் புகார் குழுவில், அதாவது இத்தகைய புகார்களை விசாரிக்கக் கம்பெனிக்குள்ளேயே அமைக்கும் குழுவில், வெளி உறுப்பினராக இருக்கிறேன். பயிற்சியும் நடத்துவேன், அதற்குக் காசும் வாங்குவேன். அதை மனதில் வைத்துக்கொண்டே மேற்கொண்டு படியுங்கள்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாதது. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்தது, அந்த வருடம் டிசம்பர் 9-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. போஷ் சட்டம் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். இதன் 19-ஆம் பிரிவு முதலாளியின் கடமைகளை வரிசையாகச் சொல்கிறது. அதில் பயிற்சி பற்றிய வாசகத்தை நிதானமாகப் படித்தால் இரண்டு தனித்தனி வேலைகள் இருப்பது தெரியும். ஒன்று, இந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்று எல்லாப் பணியாளர்களுக்கும் "சீரான இடைவெளியில்" பயிலரங்கமும் விழிப்புணர்வு நிகழ்ச்சியும் நடத்துவது. இன்னொன்று, உள் புகார் குழுவின் உறுப்பினர்களுக்குத் தனியாகப் பயிற்சி கொடுப்பது. அதே வருடத்து விதிகளில் 13-ஆம் விதி இதை இன்னும் விரிக்கிறது. கம்பெனிக்கென்று ஒரு கொள்கையை எழுதிப் பரவலாகத் தெரியப்படுத்த வேண்டும், குழு உறுப்பினர்களுக்கு அறிமுகப் பயிற்சி மட்டுமில்லாமல் திறன் வளர்க்கும் பயிற்சியும் வேண்டும், அவர்களின் பெயரையும் தொடர்பு எண்ணையும் அறிவிக்க வேண்டும்.

எத்தனை மணி நேரம் என்று சட்டத்திலும் இல்லை, விதியிலும் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை என்பதும் இல்லை. ஆனால் 14-ஆம் விதிப்படி குழு தயாரிக்கும் ஆண்டறிக்கையில், அந்த வருடம் எத்தனை பயிலரங்கம் நடந்தது என்று ஒரு எண்ணைக் குறிப்பிட வேண்டும். அங்கே பூஜ்யம் போட்டுவிட்டு "சீரான இடைவெளியில் நடத்துகிறோம்" என்று சொல்ல முடியாது. அதனால்தான் வருடத்துக்கு ஒன்றாவது என்பது வழக்கமாகிவிட்டது. அது நியாயமான வழக்கம்தான், நானும் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன். அந்த 2 மணி நேரக் கணக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்று ஒரு ஊகம். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில், 5 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களில், மேற்பார்வையாளர்களுக்கு 2 மணி நேரம், மற்றவர்களுக்கு 1 மணி நேரம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பயிற்சி என்று சட்டமே இருக்கிறது. அந்த ஊர் ஸ்லைடுகளை அப்படியே இறக்கி, மேலே நம் சட்டத்தின் பெயரை ஒட்டி விற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சான்றிதழ் விஷயமும் இதே கதைதான். அரசு அங்கீகரித்த பயிற்சியாளர்தான் நடத்த வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் பயிற்சி நிறுவனங்களைப் பட்டியல் போட்டது உண்டு. அந்தப் பட்டியல் ஒரு வசதி, அவ்வளவுதான். அதே அமைச்சகம் 2015-இல் ஒரு கையேடும் வெளியிட்டது, காசில்லாமல் இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். "போஷ் லைசென்ஸ்", "போஷ் ரெஜிஸ்ட்ரேஷன் ரினியூவல்" என்று யாராவது மின்னஞ்சல் அனுப்பினால் பதில் போட வேண்டாம். லைசென்ஸ் என்று ஒன்று இந்தச் சட்டத்தில் இல்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான அரசின் ஷீ-பாக்ஸ் இணையதளத்தில் உங்கள் குழு விவரத்தைப் பதிவது வேறு விஷயம். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை, நீங்களே உட்கார்ந்து செய்துவிடலாம்.

அபராதத்துக்கு வருகிறேன். 26-ஆம் பிரிவுப்படி குழு அமைக்காவிட்டாலும், சட்டத்தின் மற்ற ஷரத்துகளை மீறினாலும் 50,000 ரூபாய் வரை. இரண்டாம் முறை மாட்டினால் தண்டனை இரு மடங்கு, தொழில் உரிமத்தையே ரத்து செய்யவும் இடம் உண்டு. பயிற்சி நடத்தாததும் மீறல்தான், ஆனால் நான் பார்த்தவரை அதிகாரிகள் முதலில் கேட்பது குழு இருக்கிறதா என்பதைத்தான். முதலாளி பயப்பட வேண்டியது இந்த 50,000-ஐப் பார்த்து இல்லை என்பது என் எண்ணம். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில், புகார் வந்தபோது ஒழுங்கான குழுவே இல்லை. 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்கு 1 கோடியே 68 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. உங்கள் முதலாளியிடம் பேசும்போது இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

வீடியோ போதுமா என்ற கேள்வியில் சட்டம் வாய் திறக்கவில்லை. நேரில்தான் நடத்த வேண்டும் என்றும் இல்லை, ஆன்லைன் கூடாது என்றும் இல்லை. ஆகவே இங்கே நான் சொல்வது என் கருத்து மட்டுமே. கோவை ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் 8 பேருக்கு, முடிவில் கேள்விகள் வைத்த ஒரு ஆன்லைன் பயிற்சி ஒப்புக்கொள்ளக் கூடியது. பவர் டேபிளில் உட்கார்ந்து தைக்கும் 110 பெண்களுக்கு வாட்ஸ்அப் வீடியோ என்பது கையெழுத்துக்காக நடத்தும் நாடகம். ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் இருப்பார்கள், இருந்தாலும் ஷிப்டில் போனை வாங்கி லாக்கரில் வைத்துவிடும் கம்பெனிகள் இருக்கின்றன. ஒரு முறை ஆண்டறிக்கைக்காக ஒரு யூனிட்டின் பயிற்சி ரிஜிஸ்டரைப் புரட்டினேன். 86 கையெழுத்து, எல்லாம் ஒரே நீல மையில், ஒரே சாய்வில். அதில் ஒரு பெயர் அந்தத் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே கணக்கு முடித்துக்கொண்டு ஊருக்குப் போன பெண்ணுடையது. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனால், அப்படிப்பட்ட ரிஜிஸ்டர் இருப்பதைவிட இல்லாமல் இருப்பதே மேல்.

மொழியைப் பற்றிச் சட்டம் தனியாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் புரியாத மொழியில் நடத்தியதை விழிப்புணர்வு என்று எந்த அதிகாரியிடம் சொல்வீர்கள்? ஆரம்ப காலத்தில் நானே இதில் சறுக்கியிருக்கிறேன். ஒரு கம்பெனி கேன்டீனில் மதியம் இரண்டரை மணிக்குக் கூட்டம். முன்வரிசையில் முப்பது ஒடிசாப் பெண்கள். மொழிபெயர்க்க யாரும் இல்லை என்று லைன் சூப்பர்வைசரையே நிறுத்தியிருந்தார்கள், அவருக்கு இந்தியும் கொஞ்சம் ஒடியாவும் தெரியும். நான் ஐந்து நிமிடம் பேசினால் அவர் இரண்டே வாக்கியத்தில் முடித்தார். பெண்கள் சிரித்தார்கள். நன்றாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். முடிந்ததும் செக்கிங் பிரிவில் இருந்த ஒரு பெண், இங்கேயே பத்து வருடமாக இருப்பவள், டம்ளர் கழுவும் இடத்தில் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, நீங்க சொன்னது எதையும் அவர் சொல்லல. பசங்ககூட ரொம்பப் பேசாதீங்க, கம்பெனி பேரு கெட்டுப்போகும்னு மேடம் சொல்றாங்க, அப்படின்னு சொன்னாரு." அன்றிலிருந்து மொழிபெயர்ப்பாளரை நானே கூட்டிக்கொண்டு போகிறேன். அதே லைனில் அதிகாரம் உள்ள யாரையும் அந்த வேலைக்கு வைப்பதில்லை. உங்கள் கொட்டேஷன்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: ஒடியாவில் யார் பேசுவார்கள்?

யார் யாரை உட்கார வைக்க வேண்டும் என்பதில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. பணியாளர் என்றால் மஸ்டர் ரோலில், அதாவது கம்பெனியின் வருகைப் பதிவேட்டில், உள்ளவர் மட்டும் இல்லை. தினக்கூலி, தற்காலிகம், கான்ட்ராக்டர் மூலம் வந்தவர், பயிற்சியில் இருப்பவர், அப்ரன்டிஸ் எல்லோரும் அதில் அடக்கம். "அவங்க கான்ட்ராக்டர் ஆளுங்க, அவர் பார்த்துக்குவார்" என்பது செல்லாது. கம்பெனி ஏற்பாடு செய்யும் வண்டியும் பணியிடத்தின் வரையறைக்குள் வருகிறது. அதனால் வேன் டிரைவரும் பயிற்சிக்கு வர வேண்டும், செக்யூரிட்டியும் வர வேண்டும். ஹாஸ்டலைச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆனால் வேலைக்காக கம்பெனியே தங்க வைக்கும் இடம் அதிலிருந்து தப்பிக்கும் என்று நான் நினைக்கவில்லை, வார்டனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் கேட்ட புகார்களில் நிறைய, தையல் லைனில் நடந்தவை இல்லை. வண்டியில், ஸ்டோர் ரூமில், இரவு ஓவர்டைம் முடிந்து ஹாஸ்டலுக்குப் போகும் வழியில் நடந்தவை.

கூட்டத்தில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: "பீஸ் வரலைன்னு மாஸ்டர் கண்டபடி திட்டறாரு, அது இதுல வருமா?" வெறுமனே திட்டினால் இந்தச் சட்டத்தில் வராது, அது வேறு ஒழுங்கு நடவடிக்கை. திட்டும்போது உடம்பைப் பற்றி, நடத்தையைப் பற்றி, படுக்கையைப் பற்றிப் பேசினால் வரும். பாலியல் சாயல் கொண்ட பேச்சே சட்டத்தில் தனி வகை. தொடுவது, பாலியல் இச்சைக்கு இணங்கக் கேட்பது, ஆபாசப் படம் காட்டுவது எல்லாமும் அதே பட்டியலில் உண்டு. அவளுக்கு விருப்பமில்லாதது என்பதுதான் அளவுகோல், அவனுக்கு விளையாட்டு என்பது கணக்கில் வராது. "இணங்கினால் நல்ல லைன் தருகிறேன், இல்லாவிட்டால் வேலை போகும்" என்று சாடையாகச் சொல்வதும் 3-ஆம் பிரிவில் இருக்கிறது. சூப்பர்வைசர்களையும் மாஸ்டர்களையும் தனியாக ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பேசுங்கள். சட்டம் அப்படிப் பிரிக்கச் சொல்லவில்லை. ஆனால் பெண்கள் இருக்கும் கூட்டத்தில் அவர்கள் கைகட்டி நின்று கேட்டுவிட்டுப் போவார்கள், தனியாக இருந்தால்தான் "அப்ப எப்படித்தானுங்க புரொடக்‌ஷன் எடுக்கறது?" என்று உள்ளதைக் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லாமல் இந்தப் பயிற்சி எடுபடாது.

இன்னொரு பக்கம், முதலாளிகள். புகார் முதலாளி மீதே என்றால் உள் குழுவுக்கு அதில் வேலை இல்லை, மாவட்டத்தில் உள்ள உள்ளூர் புகார் குழுவிடம் போக வேண்டும் என்று 6-ஆம் பிரிவு சொல்கிறது. இதை ஸ்லைடில் வைத்தேன் என்பதற்காக ஒரு கம்பெனியில் என்னைத் தனியாக அழைத்து, காபி கொடுத்து, "அந்த ஒரு பக்கத்தை மட்டும் விட்டறலாங்களா மேடம், சும்மா இருக்கற பிள்ளைங்களுக்கு நாமளே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆயிரும்" என்றார்கள். விடவில்லை. அடுத்த வருடம் அந்தக் கம்பெனி என்னைக் கூப்பிடவில்லை, அதுவும் நடப்பதுதான். உங்கள் பயிற்சியில் அந்தப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். நம் மாவட்டங்களில் உள்ளூர் குழுவைப் பற்றி விசாரிக்க மாவட்ட சமூகநல அலுவலகத்துக்குப் போக வேண்டும். குழு விவரத்தை ஒட்டும் சுவரொட்டியில் 181 பெண்கள் உதவி எண்ணையும் போட்டுவிடுங்கள்.

இனி, உங்கள் கொட்டேஷனில் ஒரு வரிகூட இல்லாத விஷயம். குழு உறுப்பினர்களுக்கான பயிற்சி. பத்தில் எட்டு கம்பெனி இதைத்தான் விட்டுவிடுகிறது என்பது என் அனுபவக் கணக்கு. தொழிலாளர்களுக்கு ஒரு மணி நேரம் நடத்தி, அதிலேயே குழு உறுப்பினர்களும் உட்கார்ந்திருந்தார்கள், ஆகவே அவர்களுக்கும் ஆயிற்று என்பார்கள். அப்படி ஆகாது. குழு என்பது விசாரணை நடத்துகிற அமைப்பு. ஆளை வரவழைக்கவும் ஆவணம் கேட்கவும் சிவில் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அதற்கு உண்டு. அந்த நாற்காலியில் அக்கவுண்ட்ஸ் மேனேஜரையும் குவாலிட்டி இன்சார்ஜையும் உட்கார வைக்கிறோம், அவர்கள் வாழ்க்கையில் ஒரு விசாரணையையும் பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் குழுப் பயிற்சியில் பாதி நேரம் சட்டம் பேசுவதில்லை. கற்பனையான ஒரு புகாரைக் கொடுத்து மாதிரி விசாரணை நடத்தச் சொல்வேன். ஒரு கம்பெனியில் தலைமை உறுப்பினர் ஐம்பது வயது தாண்டிய அம்மா, எல்லோரும் மதிக்கிறவர். புகார் கொடுத்த பெண்ணாக ஒரு பேக்கிங் பெண் நடித்தாள். அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி: "அந்த நேரத்துல நீ ஏன் கண்ணு தனியா ஸ்டோருக்குப் போனே?" நடிப்புத்தான், ஆனால் அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது, அடுத்த மூன்று கேள்விக்கு "தெரியலைங்" என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை. இடைவேளையில் அந்த அம்மா என்னிடம், "என் மகளைக் கேக்கற மாதிரிதானுங்க கேட்டேன்" என்றார். உண்மை, அப்படித்தான் கேட்டார். மகளைக் கேட்பதுபோல் கேட்கக் கூடாது என்பதை ஸ்லைடில் எழுதிப் புரிய வைக்க முடியாது. அதே கேள்வியை "ஸ்டோருக்குப் போனதிலிருந்து என்ன நடந்ததுன்னு உன் வார்த்தையில சொல்லு" என்று மாற்றி அவரையே திரும்பக் கேட்க வைத்தேன். அந்தப் பெண் பேச ஆரம்பித்தாள்.

மீதி நேரத்தில் அவர்கள் கையில் ஏற வேண்டியது நடைமுறை. எழுதப் படிக்கத் தெரியாத பெண் வந்தால் புகாரை எழுத்தில் கொண்டுவரக் குழுவே உதவ வேண்டும், "எழுதிக்கொண்டு வா" என்று திருப்பி அனுப்பக் கூடாது. சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் புகார் தர வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் வரை குழு நீட்டிக்கலாம். புகார் நகலை 7 வேலை நாளில் எதிர்த்தரப்புக்குக் கொடுக்க வேண்டும், அவர் 10 வேலை நாளில் பதில் தர வேண்டும். விசாரணையில் தலைமை உறுப்பினரோடு சேர்த்துக் குறைந்தது 3 பேர் உட்கார வேண்டும், வக்கீலை யாரும் கூட்டிவரக் கூடாது. 90 நாளில் விசாரணை முடிய வேண்டும், 10 நாளில் அறிக்கை, 60 நாளில் முதலாளி நடவடிக்கை. சமரசம் என்பது அந்தப் பெண் தானாகக் கேட்டால் மட்டும், அதிலும் பணம் கைமாறக் கூடாது. நம் பக்கம் "கூப்பிட்டுப் பேசி முடிச்சு விட்டுடலாம்" என்கிற பழக்கம் ரத்தத்தில் ஊறியது, அதனால் இந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் கூடுதலாக நேரம் செலவாகும். நிரூபிக்க முடியாமல் போனது வேறு, வேண்டுமென்றே பொய்ப் புகார் கொடுத்தது வேறு, இந்த வித்தியாசத்தையும் 14-ஆம் பிரிவை வைத்துச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் சாட்சி கிடைக்காத ஒவ்வொரு பெண் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொல்லி எதிர்த்தரப்பு நிற்கும். ரகசியத்தை வெளியே விட்டால் 5,000 ரூபாய் அபராதம். தொகை சின்னது, ஆனால் கணவர் அயர்னிங்கில் இருக்கிற ஒரு உறுப்பினர் வீட்டில் போய்ச் சொன்னதால் மறுநாள் காலை டீ டைமுக்குள் மொத்தக் கம்பெனிக்கும் தெரிந்துபோன விவகாரத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் வாரக் கூலியைக்கூட வாங்காமல் ஊருக்குப் போய்விட்டாள்.

கோவை ஆபீசுக்கும் தனிக் குழு வேண்டுமா என்பது நல்ல கேள்வி, இதில் சந்தேகம் இருக்கிறது. 10 பேருக்குக் குறைவான இடத்தில் குழு அமைக்க முடியாதபோது அங்கிருந்து வரும் புகார் உள்ளூர் குழுவுக்குப் போகும். ஆனால் 4-ஆம் பிரிவு, ஒரே நிறுவனத்துக்குப் பல இடங்களில் அலுவலகம் இருந்தால் ஒவ்வொன்றிலும் குழு வேண்டும் என்றும் சொல்கிறது. 140 பேர் உள்ள கம்பெனியின் 8 பேர் கிளை எதில் சேரும் என்று இரண்டு பக்கமும் வாதாடலாம். திருப்பூர் குழுவே கோவையையும் பார்க்கும் என்று எழுத்தில் உத்தரவு போட்டு, கோவை சுவரில் திருப்பூர் குழுவின் எண்ணோடு உள்ளூர் குழுவின் விவரத்தையும் சேர்த்து ஒட்டச் சொல்வேன். குழு எங்கே என்பதில்தான் குழப்பம். அந்த 8 பேருக்கும் பயிற்சி உண்டு, அதில் குழப்பமே இல்லை.

பயிற்சி நேரத்துக்குக் கூலி உண்டா என்று பின்குறிப்பாகக் கேட்டிருந்தீர்கள். இந்தச் சட்டத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் முதலாளி கட்டாயமாக வரச் சொன்ன நேரம் வேலை நேரம்தான் என்பது என் நிலை. ஷிப்டுக்குள் வையுங்கள். ஷிப்ட் முடிந்து வைத்தால் அவர்கள் கண் சுவர்க் கடிகாரத்தில் இருக்கும், காது உங்களிடம் இருக்காது. 110 பேரையும் ஒரே கூட்டமாக உட்கார வைக்காமல் முப்பது முப்பதாகப் பிரித்தால் லைனும் நிற்காது, வாய் திறந்து கேட்கவும் செய்வார்கள்.

சட்டம் கேட்பதற்கு மேலேயும் போனவர்கள் உண்டு. 2022-இல் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற, தலித் பெண்கள் தலைமையில் நடக்கும் தொழிற்சங்கம் திண்டுக்கல் பகுதி ஆயத்த ஆடை ஆலை ஒன்றுக்காக ஒரு ஒப்பந்தம் போட்டது. ஒரு பெண் தொழிலாளியின் கொலைக்குப் பிறகு வந்தது அது. பன்னாட்டு பிராண்டுகளும் அதில் கையெழுத்திட்டன. அங்கே பயிற்சி பெற்ற தொழிலாளர்களே, சுமார் 25 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில், லைனில் கண்காணிப்பாளராக இருந்தார்கள். உங்கள் கம்பெனிக்கு இது கட்டாயம் இல்லை. ஆனால் செலவில்லாமல் எடுத்துக்கொள்ளக் கூடிய ஒன்று அதில் இருக்கிறது: ஒவ்வொரு லைனிலும், ஒடியா பேசுகிற ஒருத்தி உட்பட, குழுவின் எண் கையில் உள்ள ஒரு பெண். உங்களிடம் ஆடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களின் ஆடிட்டுக்கு வருபவர்கள் உங்கள் பைலைப் பார்த்த கையோடு லைனுக்குப் போய், யாராவது ஒரு டெய்லரைத் தனியாகக் கூப்பிட்டு, "பிரச்சினைன்னா யார்கிட்ட சொல்லுவீங்க?" என்றுதான் கேட்பார்கள்.

பைலில் என்ன இருக்க வேண்டும் என்றால், குழு அமைத்த உத்தரவு, கொள்கையின் தமிழ், ஒடியா, இந்திப் பிரதிகள், ஒவ்வொரு பயிற்சிக்கும் தேதி, நேரம், எந்த மொழி, யார் நடத்தியது, வந்தவர்கள் அவரவர் கையால் போட்ட கையெழுத்து அல்லது ரேகை, குழுப் பயிற்சிக்குத் தனி வருகைப் பதிவு. குழு உறுப்பினர் பதவிக்காலம் அதிகபட்சம் 3 வருடம், அதைத் தாண்டிவிட்டதா என்றும் பாருங்கள். வெளி உறுப்பினர் பெயர் உத்தரவில் இருந்தும் அவருக்கே தெரியாமல் இருப்பது உண்டு, ஒரு போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் கம்பெனி பிரைவேட் லிமிடெட்டாக இருந்து, சிறு நிறுவன வரம்பைத் தாண்டியிருந்தால், புகார் எண்ணிக்கையை இயக்குநர் குழு அறிக்கையிலும் காட்ட வேண்டும். 2025 ஜூலையிலிருந்து, வந்த புகார் எத்தனை, முடிந்தது எத்தனை, 90 நாள் தாண்டி நிற்பது எத்தனை என்று விவரமாகவே கேட்கிறார்கள். அதை உங்கள் ஆடிட்டரிடம் பேசிக்கொள்ளுங்கள், அது என் துறை இல்லை.

கொட்டேஷன்காரரை ஒரேயடியாக விரட்ட வேண்டாம். அந்த 65,000-க்குள் நான்கு குழுக்களாகத் தொழிலாளர் பயிற்சி, ஒடியா மொழிபெயர்ப்பாளர், சூப்பர்வைசர்களுக்கு ஒரு தனி அமர்வு, குழுவுக்கு மாதிரி விசாரணையோடு ஒரு முழு நாள், இவ்வளவும் அடங்குமா என்று கேளுங்கள். அடங்கும் என்றால் தொகை அநியாயம் இல்லை. 140 பேருக்கு ஒரு ஹாலில் 2 மணி நேர ஸ்லைடும் சான்றிதழும்தான் என்றால், அதைவிட உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரையோ பெண்கள் அமைப்பு ஒன்றையோ பிடியுங்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் கேட்டுப் பாருங்கள். 2023 மே மாதத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், சட்டப் பணிகள் ஆணையங்கள் இதற்குப் பாடத்திட்டம் தயாரித்து நிகழ்ச்சிகள் நடத்த வேண்டும் என்று சொல்லியிருக்கிறது, ஆகவே கேட்பதில் தயக்கம் வேண்டாம். ஆண்டறிக்கைக்குச் சட்டத்தில் கெடு தேதி இல்லை, வருடக் கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஜனவரி கடைசிக்குள் கொடுத்துவிடுவது நடைமுறை. இந்த வருடம் இன்னும் ஒன்றும் நடத்தவில்லை என்றால் குழுப் பயிற்சியை முதலில் வையுங்கள். தொழிலாளர் கூட்டம் நடந்த மறுநாளே ஒரு பெண் புகாரோடு வந்து நிற்கக் கூடும், அப்போது எதிரில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு என்ன கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.